கால் அங்குலத்தில் ஒரு வீடு



மட்டக்களப்பு வாவி என்றதும் எல்லோர் வாயிலும் வருவது பாடும் மீன்தான். இன்று மீனை அதன் பாட்டில் விட்டுவிட்டு, வாவிக் கரையில் நம் மூதாதையர் கட்டி வாழ்ந்த வீடுகளைத் தேடிப் போவோம், வாருங்கள்.

பயணத்தைப் புளியந்தீவுக் கோட்டையிலிருந்து தொடங்குவோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை இது. பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் இதைப் பிடித்துக்கொண்டனர். பின்னாளில் நெடுங்காலம் கச்சேரி இதற்குள்தான் இயங்கியது. ஒல்லாந்தர் வரைந்த இதன் திட்டப்படங்கள் இன்றும் நெதர்லாந்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நாளையே இந்தக் கோட்டை இடிந்து போனாலும், அப்படங்களைப் பார்த்து அதன் மாதிரியைச் செய்துவிட முடியும்.

உங்கள் உம்மம்மா பிறந்த வீட்டுக்கு அப்படி ஒரு படம் இருக்கிறதா? சற்று யோசித்துப் பாருங்கள்.

வீடு போன வழி

2013இல் திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே போனால், சிறிது நேரத்தில் காத்தான்குடி வந்துவிடும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நடுவே ஒடுங்கிய நிலத்தில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. வாவியின் இந்தக் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும், வயல்கள் விரிந்த மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் இப்பகுதி மக்கள் அழைப்பர்.

இங்கே வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணம் என்றால் அவளுக்கு ஒரு வீடு வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். இப்பகுதித் தமிழ் மக்களிடமும் இந்த வழமை உண்டு. மூத்த மகளுக்குத் தாயின் வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் இன்னொரு வீடு கட்டி இளையவளோடு குடிபோவதும் வழக்கம். ராத்தாவின் வளவுக்கும் தங்கையின் வளவுக்கும் இடையே வேலியில் ஒரு கடப்பு இருக்கும். தெருவில் இறங்காமலே குமர்ப்பிள்ளைகள் வீட்டுக்கு வீடு போய்வருவார்கள்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் வளவு வளருவதில்லையே! மூன்று மகள்மாருக்கு மூன்று வீடு என்றால், பழைய வீடு உடைபட்டே தீரவேண்டும். 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி பல கூரைகளைக் கொண்டுபோயிற்று. 1990இன் வன்செயலில் பலர் ஊரையே விட்டு இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது இன்னொரு பங்கு. எஞ்சியவற்றை நாமே, பிள்ளைகளின் நன்மைக்காக, உடைத்தோம். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. உடைக்கும் முன் ஒரு நாடா எடுத்து அளந்து வைத்தோமா என்பதே கேள்வி.

காத்தான்குடியில் 2015இல் திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் விளங்கும். பழைய வாழ்க்கை முறையும் தொழில்களும் அங்கே ஆளளவில் அமைத்துக் காட்டப்பட்டுள்ளன. ஓர் ஊருக்கு ஒரு நூதனசாலை போதும். குடும்பத்தின் கதையோ குடும்பத்திடம்தான் இருக்க வேண்டும். அதற்கு மாடிக் கட்டடம் தேவையில்லை. ஒரு மேசையின் மூலை போதும்.

மாதிரி செய்வது புதிதா?

கட்டடத்தைச் சிறிதாகச் செய்து பார்ப்பது பழைய கலை. 1582இல் இஸ்தான்புல் நகரில் சுல்தான் மூன்றாம் முராத் நடத்திய பெருவிழாவில், சுலைமானியாப் பள்ளிவாசலின் மாதிரியை ஊர்வலமாகக் கொண்டு சென்றனர். அக்காட்சியை அக்காலச் சிற்றோவியத்தில் காணலாம். அதே நகரில் 2003இல் திறக்கப்பட்ட மினியாதுர்க் பூங்காவில் புகழ்பெற்ற கட்டடங்கள் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் நிற்கின்றன.

நம் வீட்டுக்கு இன்னும் சிறிய அளவு போதும். ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. 24 அடி நீளமும் 16 அடி அகலமும் உள்ள வீடு, 6 அங்குலத்துக்கு 4 அங்குலமாக உங்கள் உள்ளங்கையில் வந்து அமர்ந்துவிடும்.

செய்து பாருங்கள்

முதலில் அளவு. ஒருவர் நாடாவைப் பிடிக்க, இன்னொருவர் எழுத வேண்டும். ஒவ்வோர் அறையிலும் நான்கு சுவர்களை மட்டுமன்றி, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளையும் எடுங்கள். அவை சமமில்லை என்றால் அறை கோணலானது. அதை நேராக்க வேண்டாம், கோணலையே செய்யுங்கள். அதுதான் உங்கள் வீடு.

வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவரின் தடிப்பு 9 அங்குலம் என்றால், மாதிரியில் அது சுமார் ஐந்து மில்லிமீற்றர். தடித்த பெட்டி மட்டை அதற்குச் சரி. மேலே பசை பூசி, அரித்தெடுத்த மண்ணைத் தூவினால் மண்சுவராகிவிடும். மூன்று அங்குலக் கைமரத்துக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். விளக்குமாற்று ஈர்க்கில் ஏறக்குறைய அதே கணக்கில் இருக்கிறது. கிடுகுக்குத் தென்னோலையையே மெல்லிய கீற்றாகக் கிழித்து, தாவாரத்திலிருந்து முகடு நோக்கி வரிசை வரிசையாக ஒட்டுங்கள். மேல் வரிசை கீழ் வரிசையை மூடிவர வேண்டும். கூரையைத் தனியே தூக்கி எடுக்கும்படி வைத்தால் உள்ளறைகளையும் பார்க்கலாம்.

இப்போதுதான் வீடு பேசத் தொடங்கும். கூரை ஏன் இத்தனை சரிவு? சரிவு குறைந்தால் கிடுகில் மழைநீர் வழிந்தோடாமல் தங்கி உள்ளே ஒழுகும். ஓட்டுக் கூரைக்கு அவ்வளவு சரிவு வேண்டியதில்லை. தாவாரம் ஏன் குனிந்து போகுமளவு பதிந்தது? மாதிரியை முற்றத்தில், வீடு நோக்கிய அதே திசையில் வைத்து, பின்னேரம் நான்கு மணிக்குப் பாருங்கள். மண்சுவரில் எந்த இடத்தில் வெயில் படுகிறது, எந்த இடத்தைத் தாவாரம் காக்கிறது என்பது அப்படியே தெரியும். படுவான்கரைப் பக்கமிருந்து வரும் கச்சான் காற்றின் வெக்கையையும், மாரியில் வாடைக் காற்றோடு வரும் சாரலையும் எண்ணித்தான் வாசலும் குசினியும் வைத்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

வீடே இல்லாதவர்கள் என்ன செய்வது? கலியாணப் படமொன்றைத் தேடுங்கள். கதவருகே நிற்பவரின் உயரம் தெரிந்தால் கதவின் உயரத்தைக் கணித்துவிடலாம். பிறகு முற்றத்து மணலில், அறைகளை முழு அளவில் கோடு கீறி, உம்மம்மாவை அதற்குள் நடக்கச் சொல்லுங்கள். “இந்த இடத்தில் அடுப்பு, இதில் நெல் மூட்டை” என்று கால்கள் தாமே நின்று காட்டும். பெரியம்மாவைத் தனியாக நடக்கவிட்டால் வேறொன்று சொல்லக்கூடும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பிந்தினால் எந்த நாடாவும் உதவாது.

எல்லாம் முடிந்ததும், ஒன்றேகால் அங்குல ஈர்க்கில் துண்டு ஒன்றை வாசலில் நட்டுப் பாருங்கள். ஐந்தடி உயரமான ஒரு பெண் அவள். அந்த வாசலில் அவள் குனிந்தாளா, நிமிர்ந்து நடந்தாளா என்பது உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பார்வையில் விளங்கும்.

கடைசியாக, அடிப்பலகையின் கீழே எழுதி ஒட்டுங்கள்: யாருடைய வீடு, எந்த ஊர், எந்த ஆண்டு அளந்தது, யார் சொல்லக் கேட்டது, என்ன அளவு. இந்தச் சீட்டு இல்லாவிட்டால், இருபது வருடம் கழித்து அது வெறும் விளையாட்டு வீடு.

இன்ஷா அல்லாஹ், மகளிடம் புது வீட்டின் சாவியைக் கொடுக்கும் நாள் வரும். அன்று அந்த வளவில் முன்பு நின்ற வீட்டையும் அவள் கையில் கொடுங்கள்.