தேய்மானம்

துப்பாக்கியைப் பற்றி எழுத எனக்கு யோக்யதை கிடையாது. இதுவரை ஒரு தோட்டாவைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் 2014லிருந்து 2016 வரை, மூன்று நவம்பர் மாதங்களில், ஒரு துப்பாக்கியைத் துடைத்திருக்கிறேன். அதுவும் என்னுடையதல்ல. பென்ஸில்வேனியாவில், மனாங்கஹீலா ஆற்றை ஒட்டிய ஒரு சிறு ஊரில், அடுத்த வீட்டில் இருந்த கிழவருடையது. எஃகு ஆலையில் வேலை பார்த்து, ஆலை மூடப்பட்டதும் வீட்டுக்கு வந்தவர். கைநடுக்கம் கண்டுவிட்டதால் அவரால் காப்பிக் கோப்பையைக்கூட நிச்சயமாகப் பிடிக்க முடியவில்லை. வாசலில் விழுந்த பனியைத் தள்ளக் கூப்பிடுகிற மாதிரித்தான் இதற்கும் என்னைக் கூப்பிட்டார்.

நன்றி கூறும் நாள் என்று அங்கே ஒரு பண்டிகை. அதற்கு அடுத்த திங்கட்கிழமை மான் வேட்டை தொடங்கும். பல பள்ளிக்கூடங்களுக்கு அன்று விடுமுறை. (2019லிருந்து சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்.) கிழவர் வேட்டைக்குப் போவதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்த வாரத்துக்கு முன்னால் துப்பாக்கி சமையலறை மேஜைக்கு வந்துவிட வேண்டும். கீழே பழைய போர்வை, பக்கத்தில் துணித்துண்டுகள், பித்தளைக் கழி. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்வார்; நான் செய்வேன். நாம் ஆயுத பூஜை என்று சொல்லிக்கொண்டு பேனாவையும் கணக்குப் புத்தகத்தையும் தையல் மிஷினையும் வைத்துச் சந்தனம் தடவுகிறோம். ஆயுதம் என்ற சொல்லுக்கு உரிய பொருளை நான் கையில் தொட்டது அந்த மேஜையில்தான்.

வின்செஸ்டர் 94 அது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1894ல் வெளிவந்த மாடல். எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். 1964ல் செலவைக் குறைப்பதற்காகச் செய்முறையை மாற்றியது கம்பெனி. அதற்கு முந்தியதை இன்றைக்கும் தனி மதிப்பு வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். கிழவருடையது முந்தியது. விசைக்கு வெளியே விரல்கள் நுழைகிற வளையம் இருக்கிறதே, அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால் போல்ட் பின்னால் போய், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை மேலே எறியும். குதிரையும் பின்னால் மடங்கி நிற்கும். திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா மேலேறிக் குழலுக்குள் போகும். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிருஷ்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெடிக்கிற பொட்டு இருப்பதும் அந்த இடத்தில்தான். அதனால் இதற்கான குண்டுகளுக்குக் காலங்காலமாக மழுங்கிய மூக்கு. கூர்மை ஆபத்தானது என்று கண்டுகொண்ட ஆயுதம்.

முதல் பாடம், துடைப்பதல்ல. காலி என்று பார்ப்பது. லீவரைத் திறந்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவ வேண்டும். அடிக்குழாயில் தோட்டாவைத் தள்ளுகிற தட்டு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூடி, திறந்து, மறுபடியும். மூன்று தடவை. 'போன தடவை வைக்கும்போதே காலிதானே?' என்றேன் முதல் வருஷம். 'எல்லா விபத்தும் காலித் துப்பாக்கியால்தான் நடக்கிறது' என்றார்.

அப்புறம்தான் துணி. மார்லின் 336 என்ற இன்னொரு லீவர் துப்பாக்கியில் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் லீவர் வந்துவிடும். போல்டைப் பின்னால் உருவிவிட்டு, தோட்டா நுழைகிற பக்கமிருந்தே குழலைத் துடைக்கலாம். வின்செஸ்டரில் அது லேசில் ஆகாது. கழற்றுகிறவர்கள் திரும்பப் பூட்டத் தெரியாமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆகவே குழல்வாய் வழியாகத்தான் கழியை விட வேண்டும். சங்கடமும் அங்கேதான். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அந்த வாயின் விளிம்பு. அது ஒரு பக்கம் துளி தேய்ந்தாலும், பின்னாலிருந்து தள்ளுகிற வாயு ஒரு பக்கமாக முந்திக் கசியும், குண்டு கோணிப்போகும். கழி உராய்ந்து உராய்ந்து தேய்வது அந்த விளிம்புதான். அதற்காகக் கழியில் ஒரு சின்னப் பித்தளைக் கூம்பைக் கோத்து வாயில் பொருத்திக்கொள்வது. கழி நடுவிலேயே போய்வரும். சுட்டுக் கெட்ட துப்பாக்கிகளைவிடத் துடைத்துக் கெட்டவை அதிகம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கிழவருடைய குழல்வாயில் ஒரு பக்கம் லேசாக மினுங்கும். அவர் அப்பா கூம்பு இல்லாமலே துடைத்தவராம். 'சிரத்தையான மனுஷன்' என்றார், குற்றம் சொல்வது போல.

இதைக் கேட்டதும் எனக்கு என் கவிதைகள் ஞாபகத்துக்கு வந்தன. சொல்லத் தேவையில்லை, இதைப் படிக்கிறவர்களுக்கும் அவரவருடையது ஞாபகம் வரும்.

1903லிருந்து விற்கிற ஹாப்பீஸ் 9 என்ற திரவத்தில் நனைத்த துணியை ஒரு தடவை ஓட்டிவிட்டுக் கால் மணி காத்திருக்க வேண்டும். கனிந்த வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் கலந்த மாதிரி ஒரு வாசனை. அந்த வாசனை வந்ததும் கிழவர் பேச ஆரம்பிப்பார். அதே ஆற்றில், 1892 ஜூலை 6 அன்று, ஹோம்ஸ்டெட் ஆலைத் தொழிலாளர்களுக்கு எதிராக முந்நூறு பிங்கர்ட்டன் ஆட்களைப் படகுகளில் ஏற்றி வந்ததையும், அவர்கள் கையில் இருந்தவை வின்செஸ்டர்கள் என்பதையும் அப்படித்தான் சொன்னார். இரண்டு தரப்பிலும் ஆட்கள் செத்தார்கள். ஆயுள் முழுக்கச் சங்கத்துக்காரராக இருந்தவர் வீட்டில் அதே பெயர் பொறித்த துப்பாக்கி. இரும்புக்கு ஞாபகம் கிடையாது, துரு மட்டும்தான் உண்டு என்றார். பிறகு வெண்கல பிரஷ், உலர்ந்த துணிகள், துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை. கடைசியில் ஒரு துளி எண்ணெய். அதிகம் விட்டால் தூசி சேர்ந்து பிசினாகும். என் விரல் பட்ட இடங்களையெல்லாம் கடைசியாகத் துடைக்கச் சொல்வார். வியர்வையின் உப்பு ஒரு ராத்திரியில் வேலையைக் காட்டிவிடும். குழல்வாய் கீழே பார்க்க மூலையில் சாத்திவைத்தால், மிஞ்சின எண்ணெய் கட்டையில் இறங்காது.

இரண்டாவது நவம்பரில், வேலை முடிந்து கிளம்பும்போது, அவர் மனைவி வாசல்வரை வந்தார். குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு, இழுப்பறையில் இருக்கும் தோட்டாப் பெட்டியை நான் எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தம்மைத்தாமே சுட்டுக்கொள்கிறவர்கள். நடுக்கம் அந்த வருஷம் கையிலிருந்து கழுத்துக்கு ஏறியிருந்தது. சில நாட்கள் அவர் பேசுவதே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

எடுத்துக்கொண்டேன். அவர் தூங்குகிற மத்தியானத்தில் போய், திருடனைப் போல. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். இருபதில் பதினெட்டு இருந்தது. செய்தது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க அவரை நேருக்கு நேர் பார்க்கக் கூசியது. தன் கையைத் தானே நம்ப முடியாமல் போன மனிதரின் கடைசி விளிம்பு ஒன்றை நானும் உரசிவிட்டேன் என்று தோன்றியது. எல்லாம் சிரத்தையால்தான்.

மூன்றாவது நவம்பரில் மேஜைமேல் துப்பாக்கி இருந்தது. துணி போதவில்லை. இழுப்பறையிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று எழுந்தவர், திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அடுப்புப் பக்கம் அவர் மனைவி தண்ணீர்க் குழாயை மூடினார். கிழவர் துணியை எடுத்துக்கொண்டு, இழுப்பறையைச் சாத்திவிட்டு, வந்து உட்கார்ந்தார்.

'காலியா என்று எத்தனை தடவை பார்த்தாய்?'

'மூன்று தடவை.'

'போதும்' என்றார். 'கூம்பைப் போட்டுக்கொள். அந்த வாய் ஏற்கெனவே தேய்ந்தது.'

அடுத்த வருஷம் வசந்தத்தில், ஆஸ்பத்திரியில், தூக்கத்தில் இறந்துபோனார். பதினெட்டுத் தோட்டாக்களும் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.