ஷார்ட் டெம்பர்

பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "பையனுக்குக் கொஞ்சம் ஷார்ட் டெம்பர். மத்தபடி தங்கமான குணம். கோபம் இருக்கிற இடத்துலதானே குணம் இருக்கும்!"

இதையே "பையன் முன்கோபி" என்று சொல்லிப் பாருங்கள். பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். முன்கோபி என்றால் அது குறை. யோசிப்பதற்கு முன்னாலேயே வந்துவிடும் கோபம் என்று அந்தச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஷார்ட் டெம்பர் என்றால் அப்படியில்லை. ஷார்ட் சைட் மாதிரி, கூடவே பிறந்தது, கண்ணாடி போட்டுச் சமாளிக்க வேண்டியதுதான். என்ன, கண்ணாடி போட வேண்டியது மட்டும் வேறு ஆள்!

ஆங்கிலத்தில் ஆளைச் சொல்வதென்றால் 'ஷார்ட் டெம்பர்ட்' என்று கடைசியில் ஒரு 'ட்' வேண்டும். தமிழ்நாட்டில் அந்த 'ட்' எப்போதோ விழுந்துவிட்டது. "அவர் ஷார்ட் டெம்பர்" என்றால் போதும், பிளட் குரூப் சொல்வது போல.

வேடிக்கை என்னவென்றால், டெம்பர் என்ற சொல்லில் முதலில் கோபமே கிடையாது. 'டெம்பராரே' என்ற லத்தீன் சொல்லுக்குச் சரியான அளவில் கலப்பது என்று பொருள். ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் நான்கும் அளவோடு கலந்திருந்தால் மனிதன் நிதானமாக இருப்பான் என்பது பழைய ஐரோப்பிய வைத்தியம். (வாதம், பித்தம், கபம் என்று பாட்டி வைத்தியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.) மஞ்சள் பித்தம் கூடினால் சிடுசிடுப்பு. ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் கிழ அரசன் டெம்பர் என்று சொல்வது சித்தம் கலங்காத நிலையைத்தான்.

அதனால்தான் கோபப்பட்டவனை 'லாஸ்ட் ஹிஸ் டெம்பர்' என்கிறார்கள். அவன் தொலைத்தது நிதானத்தை. பிற்காலத்தில் சொல் தலைகீழாகப் புரண்டு, 'ஹீ ஹேஸ் எ டெம்பர்' என்றாலும் கோபக்காரன் என்று ஆகிவிட்டது. தொலைந்தாலும் கோபம், இருந்தாலும் கோபம்! ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் பாவம்.

பழைய பொருள் இன்னும் பட்டறையில் உயிரோடு இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய எஃகைச் சட்டென்று தண்ணீரில் முக்கினால் கடினமாகும், ஆனால் அடித்தால் உடைந்துபோகும். அதை மறுபடி மிதமாகச் சூடாக்கி அந்த முறுக்கைக் குறைப்பதற்குப் பெயர் டெம்பரிங். தமிழில் ஒரே வார்த்தையில் சொல்வதானால் பதம். (நம்மூர் ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் தாளிப்பதற்கும் டெம்பரிங் என்றே போடுகிறார்கள். கடுகு வெடிப்பதைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான்!)

அந்தப் பதம் ஷார்ட் டெம்பர்காரர்களிடமும் இருக்கத்தான் செய்கிறது. ஹெல்மெட் இல்லாமல் டிராஃபிக் போலீஸிடம் மாட்டினால் "சார்... சார்..." என்று என்ன ஒரு பணிவு! மேனேஜர் ஃபைலைத் தூக்கி மேஜையில் போட்டாலும் சிரித்துக்கொண்டே பொறுக்குகிறார்கள். பித்தமெல்லாம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான் தலைக்கு ஏறுகிறது. சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடியிருந்தால் தட்டு பறக்கிறது.

"யார்கிட்ட ஷார்ட் டெம்பர்?" என்று பெண் வீட்டில் ஒருவராவது கேட்கலாம். கேட்பதில்லை. உள் அறையில் பட்டுப் புடவையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கும். அவளைக் கூப்பிட்டுக் காபி கொடுக்கச் சொல்கிறார்கள்.