தண்ணிக்கு ஒண்ணு

கலுங்கின் மேல் உட்கார்ந்தால் கண்மாய் உள்வாய் முழுக்கத் தெரியும். தை பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. நடுவில் மட்டும் தண்ணீர் கிடக்கிறது. ஓரமெல்லாம் வற்றி, அருகு படர்ந்து, மாட்டுக் குளம்புகள் பதிந்த இடம் பதிந்தபடி காய்ந்திருக்கிறது. அதற்கப்பால் சீமைக்கருவேலங்காடு. அதையும் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை, உப்பளம், கடல்.

நாலரை மணிக்கு அவர் வருவார். மடித்துக் கட்டிய கைலி, அரைக்கைப் பனியன், கக்கத்தில் இரும்பு முகம் வைத்த ஒரு கோல். கோல்ஃப் ஆடுகிறவர்கள் பையில் பதினான்கு கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். இவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று, ஏழாம் எண். பின்னால் பேரன். அவன் கையில் இரண்டு பக்கமும் மூடி வெட்டிய ஒரு நிடோ டின், சட்டைப் பையில் நான்கு பந்துகள்.

வெளிநாட்டுக்குச் சபர் போய்த் திரும்பியவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். கடை வைப்பார்கள், வீடு கட்டுவார்கள், திண்ணையில் உட்கார்ந்து பழைய கதை பேசுவார்கள். இவர் கதை பேசி நான் கேட்டதில்லை. பேரனுக்குச் சொல்வது வாடைக் காற்றில் கலுங்கு வரைக்கும் வரும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். துபாயில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் 1988இல் திறந்தது. மத்தியக் கிழக்கில் முழுக்கப் புல் போர்த்திய முதல் பெரிய மைதானம் அது. பிறகு அங்கே அடுத்தடுத்துப் பல மைதானங்கள் வந்தன. அப்படி வந்த ஒன்றில், வெட்டிய ஏரிகளின் கரையில், இருபத்திரண்டு வருஷம் இவர் புல் பார்த்தார். குழியைச் சுற்றியுள்ள புல்லை விடிவதற்குள் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சிரைத்து வைப்பது. நேற்றைய குழியை அடைத்து இன்றைக்குப் புதுக்குழி வெட்டுவது. மணல் பள்ளங்களில் காலடித்தடம் தெரியாமல் வாரி விடுவது. இத்தனையும் ஆடுகிறவர்கள் வந்து சேர்வதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

அவர் ஆடியதில்லை. இங்கே வந்துதான் ஆடுகிறார்.

இன்று தண்ணீருக்கு மேற்கே நிற்கிறார். கருவேலங்குச்சியில் கட்டிய சிவப்புத் துணி கிழக்குக் கரையில், கருவேலங்காட்டுக்கு முன்னால் ஆடுகிறது. நடுவில் எழுபது, எண்பது மீட்டர் தண்ணீர். காற்று எதிரே. வலப்பக்கமாகச் சுற்றிப் போக வழி உண்டு. கூடுதலாக இரண்டு தடவை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஏரிக்கரை மைதானங்கள் எல்லாமே ஆடுகிறவனிடம் இதைத்தான் கேட்கும்: தாண்டுகிறாயா, சுற்றுகிறாயா? நமக்குக் கிட்டத்தில் அப்படி ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மகாவலியை மறித்த விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில், கண்டிக்குக் கிழக்கே திகனவில். அங்கே ஒரு மைதானம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து வைத்தார்கள். இங்கே வரைகிறது வெயில். தண்ணீர் நாளுக்கு நாள் சுருங்குகிறது, நேற்று நின்ற இடம் இன்றைக்கு இல்லை. இதைவிடக் கடினமான மைதானம் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

குனிந்து நாலு இழை புல் கிள்ளித் தூக்கிப் போட்டார். அது அவர் முகத்துக்கே திரும்பி வந்தது.

அந்தப் புல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலைவனத்து மைதானங்களில் வளர்க்கும் பெர்முடா புல் வேறெதுவும் இல்லை, அருகம்புல். அருகையும் அதன் ஆப்பிரிக்கப் பங்காளியையும் கலந்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில் கலப்பினங்கள் உண்டாக்கினார்கள். 1960இல் வந்த டிஃப்வே 419 இன்றுவரை உலகமெங்கும் மைதானங்களில் விரிகிறது. பக்கத்து உப்பூரில் வெயிலுகந்த விநாயகருக்குச் சாத்துகிற அதே அருகுக்குத்தான் இவர் அங்கே இருபத்திரண்டு வருஷம் தண்ணீர் காட்டினார்.

அடித்தார். நல்ல சத்தம். பந்து ஏறியது, காற்றில் ஒரு கணம் தயங்கியது, அக்கரைக்கு இரண்டு பாகம் முன்னால் விழுந்தது. கொக்கு ஒன்று எழுந்து மறுபடி உட்கார்ந்தது.

“தாத்தா, நான் இறங்கி எடுக்கட்டா?”

“இரு. முடிச்சிட்டு.”

இன்னொரு பந்தை வாங்கினார். முழங்கால் உயரத்துக்குக் கையைத் தாழ்த்தி அங்கிருந்து நழுவ விட்டார். முன்பு தோள் உயரம். 2019இல் விதியை மாற்றி முழங்காலாக்கினார்கள். சுற்றுமுற்றும் யாருமில்லை, ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தியும் நானும்தான். அவர் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. பந்து உருண்டு நிற்கும்வரை காத்திருந்து, அது நின்ற இடத்திலிருந்தே, மறுபடி தண்ணீருக்கு நேரே அடித்தார்.

இந்தத் தடவை தாண்டியது. கருவேலந்தூரில் பட்டுத் தெறித்து ஒரு குளம்புக் குழிக்குள் போய் உட்கார்ந்தது. இருவரும் கரையோரமாகச் சுற்றி நடந்தார்கள். குழியில் கிடந்த பந்தைக் கையால் தொடவில்லை. கோலைக் குட்டையாகப் பிடித்துச் செங்குத்தாக ஒரு வெட்டு. மண்ணோடு பந்து வெளியே வந்தது. துணிக்குப் பத்தடி தூரம். தள்ளினார், விளிம்பைத் தொட்டுப் போயிற்று. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். நிடோ டின்னால் வெட்டிய குழி அதைவிடக் கொஞ்சம் சிறியது. திரும்பத் தள்ளினார், உள்ளே விழுந்தது.

“அஞ்சு!” என்றான் பேரன்.

“ஆறு.”

“எண்ணிக்கிட்டே வந்தேன் தாத்தா. அஞ்சுதான் அடிச்சிய.”

“அடிச்சது அஞ்சு. தண்ணிக்கு ஒண்ணு.”

பையன் வாதாடவில்லை. குச்சியால் தரையில் ஆறு கோடு கிழித்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினான். முட்டளவு ஆழம். விரால் தேடுகிறவனைப்போல் கால் விரலால் சேற்றைத் துழாவினான்.

அவர் திரும்பி நடந்து, தான் அடித்துப் பெயர்த்த புல்திட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பெயர்ந்த இடத்திலேயே வைத்துக் குதிகாலால் அழுத்தினார். மாடுகள் மிதித்துப் போட்ட தரையில் அந்த மூன்று திட்டுகள் யார் கண்ணுக்கும் படாது. ஆடுகள் நாளை வந்து மேயும். இருந்தும் ஒன்றையும் விடவில்லை. எனக்கு ஆட்டத்தைவிட இந்த நேரம்தான் பிடிக்கும். இதற்காகவே இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.

“கிடைச்சிருச்சு!” பையன் சேறு வழிகிற கையைத் தூக்கிக் காட்டினான்.

அவர் தலையசைத்துவிட்டுத் தண்ணீரின் விளிம்பைப் பார்த்தபடி நின்றார். பிறகு இன்னும் கீழே, நேற்றுவரை ஈரமாகக் கிடந்த இடத்துக்குப் போய் டின்னை ஊன்றினார். இரண்டு கையாலும் அழுத்தித் திருகி, மண்ணும் புல்லும் வேருமாக ஒரு கட்டியைப் பிடுங்கினார். அதை டின்னோடு தூக்கிவந்து பழைய குழியில் இறக்கினார். பையன் கை நிறையத் தண்ணீர் அள்ளி வந்து அதன் மேல் ஊற்றினான். கைக்குள் மிஞ்சியிருந்ததையும் உதறினான்.