70 அடியில் ஒரு மைல்

நவராத்திரி வந்துவிட்டால் கொலுப்படிக்குக் கீழே ஒரு 'பார்க்' முளைத்துவிடும். மண்ணைப் பரப்பிக் கடுகும் கேழ்வரகும் தூவினால், மூன்றாம் நாள் புல்வெளி தயார். தாம்பாளத்தில் தண்ணீர் விட்டால் அதுதான் குளம். ஓரமாக ஒரு ரயில் பொம்மையும் நிற்கும். அந்தப் பார்க்கிலே வாத்து யானையைவிடப் பெரிதாக இருக்கும். செட்டியார் பொம்மை ஸ்டேஷன் கூரைக்கு மேல் ஒரு முழம் உயர்ந்து உட்கார்ந்திருப்பார். அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? பத்து நாள் உற்சவந்தானே!

ஆனால், அதைக் கலைக்காமல், வாத்துக்கும் யானைக்கும் ஒரே அளவு வைத்து, ஆயுள் முழுவதும் ஒரே பார்க்கை ஒருவர் கட்டிக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட ஒரு மனிதர் இங்கிலாந்திலே இருந்தார். அவர் கட்டத் தொடங்கிய ஊர் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

லண்டனில் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் டிட்காட் வந்துவிடும். அங்கிருந்து சில மைல் தூரத்தில், தேம்ஸ் நதிக்கருகே, லாங் விட்டன்ஹாம் என்று ஒரு சிறு கிராமம். நதி என்றதும் லண்டனில் கண்ட பெரிய தேம்ஸை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே அது சாதுவான ஓர் ஆறு. இந்தக் கிராமத்தில்தான் பெண்டன் மியூசியம் இருக்கிறது. எல்லா நாளும் திறந்திருக்காது. முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போவது உத்தமம்.

'பெண்டன்' என்ற ஊரை எந்தப் பூகோளப் படத்தில் தேடினாலும் கிடைக்காது. அது கற்பனை ஊர். முழுப் பெயர் பெண்டன் பார்வா. 'பார்வா' என்றால் லத்தீன் பாஷையில் 'சிறியது' என்று அர்த்தம். ஆங்கிலக் கிராமங்களில் நம்முடைய சின்ன ஊர், பெரிய ஊர் மாதிரி இப்படிப் பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. ஆக, சின்னப் பெண்டன். பெயருக்கு ஏற்ற ஊர்தான்!

இதைத் தொடங்கியவர் பெயர் ராய் இங்கிலாண்ட். பெயரில்தான் இங்கிலாந்தே தவிர, அவர் வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. 1925-ம் ஆண்டில் இளைஞராகக் கப்பலில் வந்து இறங்கினார். அவருக்கு ரயில் என்றால் உயிர். அதிலும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் கம்பெனியின் பெரிய என்ஜின் தொழிற்சாலை ஸ்விண்டன் நகரத்தில் இருந்தது. நகரத்தை ஒட்டி, 'வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு' என்ற பிரதேசம். குன்றின் சரிவிலே புல்லைச் செதுக்கி, வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும்படி ஆதிகால மனிதர்கள் ஒரு குதிரையை எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு வயது ஏறத்தாழ 3000 ஆண்டு. அந்தக் குதிரையால் வந்த பெயர் அது.

ரயில் பார்க்க வந்த இளைஞர் சைக்கிளில் அந்தக் கிராமங்களைச் சுற்றினார். சுண்ணாம்புக் கல்லும் செங்கலும் மரச் சட்டமுமாகக் கட்டிய குடிசை வீடுகள், கோதுமை வைக்கோல் வேய்ந்த கூரைகள், வாசலில் பூச்செடி, கொல்லையில் முட்டைக்கோஸ் பாத்தி... மனத்தைப் பறிகொடுத்துவிட்டார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் மாறத் தொடங்கியது. வைக்கோலைப் பிரித்து எறிந்துவிட்டு மலிவான ஓடும் தகடும் ஏறின. பழைய வீட்டுச் சுவர்களில் விளம்பரப் பலகைகள் தொங்கின. மோட்டார்க் கார்களுக்காகச் சாலைகள் அகன்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வைக்கோல் கூரையைப் பிரித்த குடும்பத்தைக் குறை சொல்ல முடியுமா? கூரை வேய்வது செலவு பிடித்த வேலை. நெருப்புப் பயம் ஒரு பக்கம், எலித் தொல்லை ஒரு பக்கம். "உங்கள் கூரை என் கண்ணுக்கு அழகாயிருக்கிறது, ஆகையால் நீங்கள் ஒழுகலிலேயே குடியிருங்கள்" என்று வழிப்போக்கர் ஒருவர் சொன்னால், அந்த வீட்டம்மாள் துடைப்பத்தை எடுப்பாளா, மாட்டாளா?

ராய் இங்கிலாண்ட் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. நாடாவும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அளக்கப் புறப்பட்டார். இந்தக் கதவு எத்தனை அடி? இந்த வரிசையில் எத்தனை செங்கல்? எந்தச் செங்கல் சிவப்பு, எது கறுத்துப் போனது? எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார், படம் பிடித்துக்கொண்டார். நிஜ வீட்டைக் காப்பாற்ற வழியில்லை. அதன் பிரதியையாவது காப்பாற்றலாம் அல்லவா? 1954-ல் லாங் விட்டன்ஹாமில் ஒரு பழைய கட்டடத்தில் குடியேறினார். அங்கேதான் மியூசியம் உருவாயிற்று. 1995-ல் அவர் காலமாகும் வரை அதுவே அவர் வாழ்க்கை.

பெண்டனில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. ஓர் அடிக்கு 4 மில்லி மீட்டர். அதாவது, அசலில் 76-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதர் 22 மில்லி மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறார். ஓர் அங்குலம்கூட இல்லை! ஒன்பது அங்குலச் செங்கல் 3 மில்லி மீட்டர். சுவரை அட்டையில் செய்து, ஒவ்வொரு செங்கலுக்கும் கோடு கீறி, ஒவ்வொன்றாக நீர் வர்ணம் தீட்டுகிறார்கள். கூரைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? குழாய் ரிப்பேர் செய்கிறவர்கள் மரையில் சுற்றுவார்களே, அந்த நார்! அதைச் சிறு சிறு கற்றையாக வெட்டி, நிஜக் கூரை வேய்கிற மாதிரியே அடியிலிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு போகிறார்கள். தோட்டத்துச் செடிக்கு இலை இலையாகக் காகிதம் வெட்டுகிறார்கள். ஒரு சிறு வீடு முடிவதற்குள் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடிவிடும். ஒரு சட்டைக்குப் பூவேலை செய்து முடிக்க எத்தனை சாயங்காலம் பிடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

வர்ணத்திலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. செங்கல் சிவப்பு என்று கடையில் விற்கிற சிவப்பை அப்படியே பூசினால் பொம்மையாகிவிடும். மூன்றடி தள்ளி நின்று மாதிரி வீட்டைப் பார்க்கிறோம் என்றால், கணக்குப்படி 228 அடி தள்ளி நின்று நிஜ வீட்டைப் பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் எந்த நிறமும் சற்றே மங்கித்தானே தெரியும்? ஆகவே நிறத்தையும் அளவாகக் குறைக்க வேண்டும். இது தெரிந்தவர் செய்த வீடு 'வீடு' என்று தோன்றும். தெரியாதவர் செய்தது பெட்டி என்று தோன்றும்.

ரயிலை மறந்துவிடவில்லை, இதோ வருகிறது! பள்ளத்தாக்குக் காட்சியின் நீளம் ஏறத்தாழ 70 அடி. அந்த அளவுப்படி ஒரு மைல் என்பதும் ஏறக்குறைய 70 அடிதான். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் எக்ஸ்பிரஸ், நிமிஷத்துக்கு ஒரு மைல் போகும் அல்லவா? எனவே அந்தச் சின்ன எக்ஸ்பிரஸும் 70 அடியைக் கடக்க ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். வினாடிக்கு ஓர் அடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். குழந்தைகள் சாவி கொடுத்து விடுகிற ரயில் மேஜையை மூன்று வினாடியில் சுற்றிக் கவிழ்ந்துவிடும். நிஜம் போல ஓட்டுவது என்றால் முதல் பாடம் பொறுமை. கூட்ஸ் வண்டியானால் இன்னும் மெதுவாகத்தான் ஊர்ந்து போக வேண்டும்.

வளைவும் அப்படித்தான். கால் மைல் ஆரமுள்ள சாதாரண வளைவைச் சுருக்கினாலும் 17 அடிக்கு மேல் வருகிறது. நம் கூடத்தில் அதற்கு எங்கே இடம்? அதனால்தான் வீட்டு ரயில்கள் குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டுகின்றன! தண்டவாளத்தின் அகலத்திலும் பொம்மைக் கம்பெனிகள் கொஞ்சம் ஏமாற்றுவதுண்டு. இந்த அளவுக்கு 18.83 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். கடைகளில் விற்பதோ 16.5. பெண்டனில் ஏறக்குறைய 18 வைத்து, முடிந்தவரை நிஜத்தை ஒட்டியே போட்டிருக்கிறார்கள்.

ரயில் ஓடும் அழகைக் கண்குளிரப் பார்க்க வேண்டுமானால் டார்ட்மூர் காட்சிக்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் மேற்கிலுள்ள கரடுமுரடான மேட்டு நிலம் அது. பள்ளத்தின் குறுக்கே உயரமான மரக்கட்டைப் பாலம். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயை நிர்மாணித்த எஞ்சினீயர் புருனெல், பணமுடை காரணமாக மேற்கே மரப் பாலங்களாகக் கட்டினார். அசல் பாலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டுக் கல்லும் இரும்பும் வந்துவிட்டன. இங்கே மட்டும் மரப் பாலத்தின் மீது எக்ஸ்பிரஸ் போகிறது, அடுத்து உள்ளூர் வண்டி, அதற்கடுத்து கூட்ஸ். காட்சிக்குப் பின்னால், பார்வையில் படாமல், நாடக மேடையின் பக்கத் திரைக்குப் பின் நடிகர்கள் காத்திருப்பது போல வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. முறை வந்ததும் ஒவ்வொன்றாக மேடை ஏறுகின்றன. அந்த என்ஜின்களில் பலவற்றைக் கையாலேயே செய்தவர் கய் வில்லியம்ஸ் என்பவர்.

இன்னோர் அறையில் 'மாடர் பள்ளத்தாக்கு ரயில்வே' இருக்கிறது. ஜான் ஏஹெர்ன் என்பவர் 1930-களில் செய்யத் தொடங்கியது. முழுக்க அவருடைய கற்பனை. 'மாடர்போர்ட்' துறைமுகமும் அவர் வைத்த பெயர்தான். அந்நாளில் வீட்டில் ரயில் வைத்திருந்தவர்களில் அநேகர் என்ஜினையும் தண்டவாளத்தையும் மட்டுமே கவனித்தார்கள். ரயில் போகிற ஊரும் முக்கியம் என்று காட்டிய முன்னோடி ஏஹெர்ன். அவர் மறைந்த பிறகு அவருடைய ரயில்வே இங்கே அடைக்கலம் புகுந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெண்டனின் ஒரு குடிசையை உற்றுப் பார்க்கும்போது, "ஆகா, இங்கேயே குடியிருந்துவிடலாமே!" என்று யாருக்கும் தோன்றும். 1920-களில் அப்படிப்பட்ட கிராம வீடுகள் பலவற்றில் குழாயும் கிடையாது, மின்சார விளக்கும் கிடையாது. கிணற்றிலிருந்தோ பம்பிலிருந்தோ தண்ணீர் சுமந்தாக வேண்டும். திங்கட்கிழமை என்றால் துணி துவைக்கும் நாள். செப்புக் கொப்பரையில் நீரைக் காய்ச்சித் துணிகளை அவிக்க வேண்டும். கொல்லைக் கோடியில் கழிவறை. மண்ணெண்ணெய் விளக்கு. 76-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டால் வாளிக்குக் கனம் இல்லை. அந்த வாளியைச் சுமந்த கைகளின் வலியைச் சுருக்கி வைக்க எந்த அட்டையாலும் ஆகாது.

இதனால் ராய் இங்கிலாண்டின் வேலைக்குப் பெருமை குறைந்துவிடுமா? குறையாது. கிணறும் கொல்லைக் கோடிக் கழிவறையும் இருந்ததை அளந்து வைத்தவர்கள் இருந்தால்தான், பேத்திக்குப் பாட்டியின் நடை எவ்வளவு தூரம் என்று தெரியும். வீடு மாறட்டும்; மாறத்தான் வேண்டும். குழாய் வந்ததற்காகக் கண்ணீர் விட எந்தப் பெண்ணாலும் முடியாது. ஆனால் மாறுவதற்கு முன் இருந்தது இன்னபடி என்று ஒருவராவது பொய் கலக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

இன்று பெண்டனில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1948-ல் அரசாங்க ரயில்வேயில் கலந்துவிட்டது. ஸ்விண்டன் தொழிற்சாலை 1986-ல் மூடப்பட்டது. இந்தத் தொண்டர்களுக்கோ அந்தக் காலமே தெரியாது; கண்ணால் கண்டதில்லை. பழைய படங்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, தாங்கள் பிறப்பதற்கு முன் இருந்த ஒரு வீட்டுக்கு இன்னும் செங்கல் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். காரணம், யாரோ ஒருவர் அன்றைக்கு அளந்து வைத்தார்.

உங்கள் பிறந்தகத்துக் கூடம் எத்தனை அடி நீளம்? கிணற்றடிக்கும் அடுப்பங்கரைக்கும் இடையே எத்தனை நடை? தெரியாது என்றால், அடுத்த முறை போகும்போது தையல் பெட்டியிலிருந்து அங்குல நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு முனையை அம்மா பிடித்துக்கொள்ளட்டும்.