பிடிமானம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் வேதியியல்

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் கேட்டபோது, கவிதை எழுதும் நண்பர்கள் கையை உயர்த்தினர். நான் என் கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் தோல் உரிந்து கட்டுப் போட்டிருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். "கையில் என்னப்பா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். "அதையே எழுது" என்றார். ஆகவே, நண்பர்களே, இது என் கையைப் பற்றிய கட்டுரை. இன்னும் சரியாகச் சொன்னால், கையில் பூசும் ஒரு வெண்பொடியைப் பற்றிய கட்டுரை.

எங்கள் ஊர் சேலத்தை அடுத்து, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் பேருந்தில் சென்றவர்கள் வெளேரென்று தோண்டிக் குவித்த மேடுகளைக் கண்டிருப்பீர்கள். ஆங்கிலேயர் அவற்றுக்குச் 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்று பெயர் வைத்தனர். உண்மையில் அங்கே கிடைப்பது சுண்ணக்கட்டி அன்று. மக்னசைட் என்னும் கனிமம். வேதியியல் பெயர் மக்னீசியம் கார்பனேட். எங்கள் ஊராருக்கு அது வெறும் வெள்ளைக்கல். கரிய பாறையின் இடுக்குகளில் நரம்பு நரம்பாக ஓடும் அந்தக் கல்லைப் பெயர்த்து, அதில் ஒட்டியிருக்கும் வேறு கல்லைச் சுத்தியலால் கொத்தி நீக்குவதுதான் பல ஆண்டுகள் என் தந்தையாரின் வேலையாக இருந்தது. இப்போது லாரிகளுக்குச் சுமை ஏற்றுகிறார். கையெழுத்துப் போடும் அளவே படித்தவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

நான் பளு தூக்கத் தொடங்கியது அவருக்குத் தெரியாது. 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில், வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2014இல் கிளாஸ்கோவிலும் தங்கம் வென்றவர் அவர். அந்தச் செய்தியைப் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு வயது 13. "நம்ம பக்கத்து ஆளு" என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் மனத்தில் தங்கிவிட்டது. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே உடற்பயிற்சிக் கூடத்தின் கதவைத் தட்டினேன். அப்பாவிடம் "ஆய்வகத்தில் வேலை இருக்கிறது" என்று சொல்லி வந்தேன். அவர் மூட்டை தூக்குவது நான் படிப்பதற்காக. நான் படிக்கப் போன இடத்தில் இரும்பு தூக்குகிறேன் என்று எப்படிச் சொல்வது?

பளு தூக்குபவருக்குக் கைதான் முதல் எதிரி. உள்ளங்கையில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ளன. மனம் பதறினால் அவை உடனே சுரக்கின்றன. அதனால்தான் மேடை ஏறுமுன் எல்லாரும் கையில் வெண்பொடி பூசிக்கொள்கின்றனர். கடையில் அது கட்டியாக விற்கிறது. ஒரு கட்டி 56 கிராம். விலை நூறு ரூபாயைத் தாண்டும். எங்கள் வீட்டில் அது இரண்டு நாள் காய்கறிச் செலவு. 'வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றுதானே' என்று எண்ணி, வகுப்பு முடிந்ததும் கரும்பலகை விளிம்பில் கிடக்கும் துண்டுச் சாக்பீஸ்களைப் பொறுக்கிப் பொடி செய்து ஒரு டப்பாவில் சேர்த்தேன். சாக்பீஸ் ஏன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று வியந்த பேராசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

கல்லூரி அணிக்கான தேர்வு நாள் வந்தது. ஸ்நாட்ச் என்பது தரையிலிருக்கும் பளுவை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டு செல்வது. மூன்று வாய்ப்புகள். முதலில் 65 கிலோ, அடுத்து 70 கிலோ, இரண்டும் தூக்கினேன். மூன்றாவதாக 75 கேட்டேன். கட்டை விரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் அதைச் சுற்றிப் பிடித்தேன். அதற்குள் சாக்பீஸ் தூள் வியர்வையில் குழைந்து மாவுப் பசை போல் ஆகியிருந்தது. கம்பி இடுப்பைத் தாண்டியபோது விரல்கள் திறந்துகொண்டன. பளு முன்னே விழுந்தது. என் உள்ளங்கையின் காய்ப்புத் தோலும் அதனுடன் போயிற்று. அடுத்த பகுதியான கிளீன் அண்ட் ஜெர்க்கில் கம்பியைத் தொடவே முடியவில்லை. அணியில் இடம் மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவருக்குப் போனது. அவர் என் டப்பாவைத் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை. தம் கட்டியில் ஒரு மூலையை உடைத்துக் கொடுத்து, "தம்பி, எழுதற சாக்பீஸ் வேற, இது வேற" என்றார்.

அன்றிரவு கட்டுப் போட்ட கையோடு சாப்பிட முடியவில்லை. அம்மா ஊட்டிவிட்டார். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பொய்யைத் தொடர மனம் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே: "எத்தனை கிலோ?"

"எழுபத்தஞ்சுப்பா."

"மூட்டையே அம்பதுதான் சாமி" என்றார். குரலில் இருந்தது கோபமா, பெருமையா என்று எனக்கு விளங்கவில்லை. சிறிது நேரம் கழித்து, அந்தப் பொடி எதனால் ஆனது என்று கேட்டார். மக்னீசியம் கார்பனேட் என்றேன். "அப்படின்னா?" என்றார். "நம்ம வெள்ளைக்கல்தான்ப்பா" என்றேன்.

மறுநாள் மாலை பழைய நண்பரிடமிருந்து கையளவு கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நூறு ரூபாய் மிச்சம் என்று இருவருக்கும் மகிழ்ச்சி. அம்மா திட்டத் திட்ட அதை உரலில் இட்டு இடித்தேன். எவ்வளவு இடித்தும் மணல்போல் நறநறவென்றே இருந்தது. நலமாக இருந்த இடக்கையில் தேய்த்துத் துடைப்பக் கட்டையைப் பிடித்துப் பார்த்தேன். தோலை அறுத்ததே தவிரப் பிடிக்கவில்லை.

ஒரே பொருள், ஏன் இரண்டு குணம்? பேராசிரியரின் அனுமதி பெற்று நான்கு பொட்டலங்களோடு ஆய்வகத்துக்குப் போனேன். சாக்பீஸ் தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன்; நுரைக்கவில்லை. பேரியம் குளோரைடு சேர்த்ததும் வெண்ணிற வீழ்படிவு வந்தது. அது கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். நண்பன் ஒருவன் பரிந்துரைத்த முகப் பவுடர் அமிலத்தில் கரையவே இல்லை. அதில் இருந்தது டால்க். அது மக்னீசியம் சிலிக்கேட். அடுக்கடுக்காக வழுக்கும் தன்மை உடையது. பளு தூக்கும் போட்டியில் தொடையில் எண்ணெயோ டால்க்கோ பூசக் கூடாது என்று விதியே இருக்கிறது. கம்பி தொடையில் வழுக்கிக்கொண்டு ஏறிவிடுமாம். வழுக்குவதற்கான பொருளைப் பிடிப்பதற்குப் பரிந்துரைத்த நண்பனை என்னென்பது!

அப்பாவின் கல் குளிர்ந்த அமிலத்தில் சும்மா கிடந்தது; சூடாக்கிய பிறகே நுரைத்தது. அண்ணன் கொடுத்த துண்டு அமிலம் பட்டதுமே பொங்கிக் கரைந்தது. இரண்டின் கரைசலிலும் அமோனியம் குளோரைடு, அமோனியா, டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் சேர்த்தேன். இரண்டிலும் ஒரே வெண்படிகம் இறங்கியது. இரண்டிலும் இருப்பது மக்னீசியமே. ஆனால் மலையில் விளைந்தது இறுகிய கல். சூளையில் சுட்டு, உருக்காலை உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லாக ஆகத் தக்கது. கைக்கு வேண்டியது கரைசலிலிருந்து வீழ்படிவாக்கி உலர்த்திய பஞ்சுபோன்ற பொடி. நீரும் ஹைட்ராக்சைடும் அதன் அமைப்பிலேயே சேர்ந்திருக்கின்றன. துகள் மிக நுண்மையாகவும் இடைவெளி மிகுந்தும் இருப்பதால் அது வியர்வையை உறிஞ்சுகிறது. பெயர் ஒன்றானாலும் பக்குவம் வேறு.

நூலகக் கணினியில் மேலும் தேடினேன். இப்பொடியைப் பாறை ஏறும் விளையாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஜான் கில் என்னும் அமெரிக்கர். 1950களில், தாம் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் பழகியதைப் பாறையிலும் பயன்படுத்தினார். பின்னாளில் கணிதப் பேராசிரியரானவர் அவர் என்பது நம் கணிதத் துறை நண்பர்களுக்கு இனிக்கும். வியப்பான செய்தி இன்னொன்று: 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கல்லில் விரல் வைத்து இழுத்துப் பார்த்து, இப்பொடி உராய்வைக் கூட்டவில்லை, குறைக்கிறது என்றது. தோல் மிகவும் உலர்ந்து விறைப்பதும், தோலுக்கும் கல்லுக்கும் இடையே துகள்கள் ஓர் அடுக்காக உருள்வதும் காரணமாகலாம் என்றனர். 2012இல் வந்த மற்றோர் ஆய்வோ உராய்வு கூடுகிறது என்றது.

குழம்பிப்போய் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் குழம்பவில்லை. "கடப்பாரை பிடிக்கிறப்ப நாங்களும் மண்ணைத் தொட்டுக்குவோம். தொட்டுக்குவோம், அவ்வளவுதான். அள்ளிப் பூசினா அந்த மண்ணே வழுக்கும்" என்றார். ஆய்வாளர்கள் இருவகையாகச் சொன்னதற்கு, சுரங்கத்தில் நின்ற கால்கள் ஒரு வழி காட்டிவிட்டன.

இனி, வாங்க நினைக்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன். உறையில் மக்னீசியம் கார்பனேட் என்று இருக்கிறதா என முதலில் பாருங்கள். விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறக்கவும் கூடாது, வழவழக்கவும் கூடாது. தூளாக வாங்கினால் பாதி காற்றில் போய் அடுத்தவர் மூச்சில் சேரும். துணிப் பந்தில் அடைத்தது சிந்தாது. ஆல்கஹாலில் கலந்த திரவ வகை தூசி எழுப்பாது, மூடிய அறைக்கு நல்லது; ஆனால் தோல் உரிந்த கையில் பட்டால் உயிர் போய் வரும். நம் கூடத்துக்குக் கட்டியே போதும். உள்ளங்கையிலும் கட்டை விரலிலும் மெல்லத் தேய்த்து, மிகுந்ததைத் தட்டிவிடுங்கள். கம்பியின் சொரசொரப்பில் அடைந்த பழைய பொடியைத் தூரிகையால் நீக்குங்கள். பயிற்சி முடிந்ததும் கை கழுவி, இரவில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்; இல்லையேல் தோல் வெடிக்கும்.

சென்ற மாதம் சம்பள நாளன்று அப்பாவே பணம் கொடுத்தார். கட்டியை வாங்கி வந்து அவரிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். "இம்புட்டு லேசா இருக்கே, இதுவா நம்ம கல்லு?" என்றார். "கொஞ்சம் பூசிப் பாருங்கப்பா, மூட்டை தூக்க உதவும்" என்று அவர் கையைப் பிடித்தேன்.

அப்போதுதான் அந்தக் கையை நன்றாகப் பார்த்தேன். ரேகைகள் எல்லாம் வெடிப்புகளாகியிருந்தன. நான் சொன்ன உலர்ந்த தோல், ஆய்வுக் கட்டுரையில் படித்த தோல், என் கண்முன்னேயே இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறது. அவர் கையை இழுத்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு எதுக்கு சாமி? வாழ்நாளுக்கும் சேர்த்து அப்பவே பூசியாச்சு" என்றார்.

அன்றிரவு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து முதலில் அவர் கைக்குத் தடவினேன். பிறகு என் கைக்கு. புண் ஆறிவிட்டது. அடுத்த தேர்வில் முதல் வாய்ப்பிலேயே 75 கேட்கப் போகிறேன்.