தம்பியின் பிக்கப்

எம் தம்பியிடம் டீசலில் ஓடும் யப்பானியப் பிக்கப் வண்டி ஒன்று உண்டு. சுன்னாகச் சந்தையிலே வெங்காயமும் கத்தரிக்காயும் வாங்கித் தம்புள்ளைக்குக் கொண்டுசென்று விற்பது அவனுடைய தொழில். 2020 ஆம் ஆண்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், பழைய வண்டிகளுக்கே பொன்னின் விலை வந்துவிட்டது. லொறி ஒன்று வாங்கும் எண்ணத்தைக் கைவிட்ட தம்பி, கையிலுள்ள வண்டியையே வலுப்படுத்தலாமென்று எண்ணினான்.

"அண்ணை, எஞ்சினைக் கழட்டவும் தேவையில்லை. கொம்பியூட்டரைப் பூட்டி ஒரு மணித்தியாலத்திலை வலுவைக் கூட்டித் தருவினமாம்" என்று ஒரு மாலை எம்மிடம் வந்து கூறினான். நாம் பௌதிகவியல் கற்பிப்பவராதலின் இத்தகைய கருமங்களில் எம்மிடம் அபிப்பிராயம் கேட்பது வீட்டு வழக்கம். கேட்டபின் தத்தம் விருப்பப்படி செய்வதும் வழக்கமே.

தம்பி சொன்னது பொய்யன்று. மாணவர்கள்பொருட்டு அதனைச் சற்று விளக்குவோம். 1893 இல் உருடோல்ப் டீசல் காப்புரிமை பெற்ற எஞ்சினிலே தீப்பொறிக்கு இடமில்லை. காற்றை மிக இறுக அமுக்க, அது கடுஞ்சூடடைகின்றது. அதனுள்ளே விசிறப்படும் எண்ணெய் தானே பற்றி எரிகின்றது. ஒரு கிலோ டீசல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். ஆகவே காற்றை மிகுதியாகப் புகுத்தினால் எண்ணெயையும் மிகுதியாக எரிக்கலாம்; வலுவும் கூடும். வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு சுழலியைச் சுழற்றிக் காற்றை உட்செலுத்தும் உபாயத்துக்கு அல்பிரட் பூக்கி என்னும் சுவிஸ் பொறியியலாளர் 1905 இல் காப்புரிமை பெற்றார். அதனையே இன்று 'டேர்போ' என்கின்றோம். எவ்வளவு எண்ணெய், எந்தக் கணத்தில், எந்த அமுக்கத்தில் என்பவற்றை இக்காலத்து வண்டிகளில் ஒரு சிறு கணினி, தன்னுள் எழுதப்பட்ட அட்டவணையைப் பார்த்துத் தீர்மானிக்கின்றது. அந்த அட்டவணையைத் திருத்தி எழுதுவதே இந்த வித்தை.

தம்பியின் வண்டியிலுள்ள 2.5 லீற்றர் எஞ்சின் 102 குதிரைவலு தருவது. அதே இன எஞ்சினைச் செய்தவர்களே, உட்புகும் காற்றைக் குளிர்விக்கும் கருவியும் சேர்த்துப் பின்னாளில் 144 குதிரைவலு வரை உயர்த்தினர். அவ்வாறாயின் முன்னரே ஏன் கொடுத்திலர் என்று கேட்கலாம். ஒரே எஞ்சின் பாலைவனத்திலும் பனிமலையிலும் ஓடவேண்டும். கலப்பட எண்ணெயையும் அளவிறந்த பாரத்தையும் தாங்கவேண்டும். புகைச் சட்டங்களுக்கும் அடங்கவேண்டும். ஆதலால் செய்தவர்கள் சிறிது வலுவை உள்ளே ஒதுக்கி வைத்தனர். ஆபத்துக்கென்று தாய் அரிசிப்பானைக்குள் ஒளித்து வைத்த காசு போன்றது அது.

திருத்துமுன்னரும் பின்னரும் நாமே மணிக்கூட்டுடன் அருகிலிருந்து அளந்தோம். 800 கிலோ பாரத்துடன், மூன்றாங் கியரில், 30 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 60 ஐ அடைய முன்னர் 11 செக்கன் சென்றது. பின்னர் எட்டரைச் செக்கனே சென்றது. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடிய வண்டி, எம்மை அருகில் வைத்து ஓட்டிய முதற்பயணத்தில் பத்தரை ஓடிற்று. தம்பியின் முகத்திலே தோன்றிய மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று.

ஆனால் நாம் அருகிலிராத பயணங்களின் கணக்கு வேறாயிற்று. வண்டியின் வலு கூடவே சாரதியின் பாதமும் பாரமாயிற்று. ஒரு மாதத்தில் லீற்றருக்கு எட்டரையாகக் குறைந்தது. 800 கிலோ 1,200 ஆயிற்று. எஞ்சினுக்குப் புதுப்பாடம் எழுதியவர்கள் பிறேக்குக்கு எழுதவில்லை, கிளச்சுக்கும் எழுதவில்லை. இதனை நாம் அன்றே சொல்லியிருக்கவேண்டும். எட்டரைச் செக்கனைக் கண்ட பெருமிதத்தில் வாளாவிருந்துவிட்டோம்.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. வவுனியாவுக்கு அப்பால் ஓர் ஏற்றத்திலே கிளச் வழுக்கி, கருகல் மணம் எழுந்து, வண்டி பாரத்தோடு பின்னோக்கி உருளத் தொடங்கியதாம். பின்னால் பேருந்தொன்று வந்துகொண்டிருந்ததாம். "மதகோடை அணைச்சு நிப்பாட்டிப்போட்டன், அண்ணை. பயப்படாதையுங்கோ" என்றான். அவன் குரல் நடுங்கியது. அடுத்த அறையிலே அவன் மனைவியும் இரு பிள்ளைகளும் உறங்கிக்கொண்டிருந்தனர். அவர்களை எழுப்பாது விடியும்வரை திண்ணையில் அமர்ந்திருந்தோம்.

அவ்வேளை மற்றோர் இரவு நினைவுக்கு வந்தது. 1993 ஆம் ஆண்டு. பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் மருந்துக்குத்தான் கிடைக்கும். கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் எஞ்சின் சூடேறும்வரை சில துளி பெற்றோல் வார்த்து உயிர்ப்பித்தல் வேண்டும். அன்னையாருக்கு நோவு கண்ட அந்த இரவில், எமது பழைய ஒஸ்ரின் காரின் முன்னே பெற்றோல் இருந்த மருந்துப்போத்தலை ஏந்தி நின்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் நாமே. அயலிலிருந்த மெக்கானிக் பெரியவர் துளித்துளியாக வார்த்தார். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் இடிக்காதிருக்க, தீப்பொறி சற்றுப் பிந்தி விழுமாறு அவரே முன்னர் திருத்தி வைத்திருந்தார். அதனால் வலு குறைந்திருந்தது. "அமத்தாதையுங்கோ ஐயா. அது தன்ரை பாட்டிலை போகும், போய்ச் சேரும்" என்று தந்தையாரிடம் கூறினார். மாட்டுவண்டியினுஞ் சற்றே விரைவாகச் சென்ற அந்தக் கார் விடியுமுன் ஆஸ்பத்திரியை அடைந்தது. அன்று பிறந்தவனே இந்தத் தம்பி.

மறுநாள் அவன் வீடு வந்ததும் இக்கதையை முதன்முறையாகச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்து, "அந்தக் கார் இப்ப எங்கை, அண்ணை?" என்றான். 1995 ஐப்பசி இடப்பெயர்விலே விட்டு வந்தோம். மீண்டபோது அது அங்கில்லை என்றோம்.

வலுவைக் கூட்டித் தந்தவரை நாம் குறைகூறோம். அவர் சொன்னதைத் தந்தார். பழைய அட்டவணையையும் பத்திரமாக வைத்திருந்தார். அவரிடமே சென்று கூட்டியதிற் பாதியைக் குறைப்பித்தோம். புதுக் கிளச்சும் பிறேக்குக் கட்டைகளும் போட்டோம். இவ்வழியை நாடும் நேயர்கள் இவற்றை முதலிற் செய்து, வலுவைப் பின்னர் நாடுவார்களாக. பாரம் மீண்டும் 800 கிலோ ஆயிற்று. வருமானம் சிறிது குறைவுதான். வீட்டில் அதனை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

முன்னெல்லாம் தம்புள்ளையிலிருந்து தம்பி பேசும்போது, எத்தனை மணித்தியாலத்தில் வந்தான் என்பதையே முதலிற் சொல்லுவான். இப்பொழுது, "வந்து சேர்ந்திட்டன், அண்ணை" என்கிறான். நேரத்தை நாமும் கேட்பதில்லை.