ஜிம்மியின் முற்றம்

நாய்க்கு அடைப்பு அமைக்க முற்படுவோர் பெரும்பாலும் கூரையைப் பற்றியும் வேலியைப் பற்றியுமே சிந்திப்பர். நாயோ தன் வாழ்நாளிற் பெரும்பகுதியை நிலத்தோடு ஒட்டிக் கிடந்து கழிக்கும் பிராணி. அது படுப்பதும், தோண்டுவதும், மலங்கழிப்பதும் ஒரே தரையில். அடைப்பொன்றின் நன்மை தீமைகளுட் பாதிக்குமேல் அத்தரையிலேயே அடங்கியுள்ளன எனலாம். வலிகாமத்துக் கிராமமொன்றில் வாழும் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் இதனைக் கருத்தூன்றி ஆராய நேர்ந்தமைக்குக் காரணம் அவருடைய பேரனின் பாதம்.

மாஸ்ரர் என்றே ஊரார் அவரை அழைப்பர். அவர் வளவின் மாமர நிழலிலே வெண்மணல் பரப்பிய முற்றமொன்று உண்டு. ஜிம்மி ஏழாண்டுகளாகப் படுத்துறங்கியதும், பேரன் வெறுங்காலுடன் விளையாடியதும் அம்மணலிலேதான். ஒரு மாசி மாதத்தில் குழந்தையின் உள்ளங்காலில் நூல்போன்ற சிவந்த கோடொன்று தோன்றி, நாளுக்கு நாள் வளைந்து நீண்டது. நாய், பூனை ஆகியவற்றின் குடலில் வாழும் கொளுக்கிப் புழுவின் குடம்பி தோலின் கீழ் ஊர்ந்த தடம் அது என்றார் வைத்தியர். மருந்து கொடுத்ததும் மாறிற்று. ஆனால் வீட்டிலே எழுந்த பிரச்சினை அவ்வளவு விரைவில் மாறவில்லை.

“அப்பா, உந்த நாயை எங்கையேன் கொண்டுபோய் விடுங்கோ. இல்லாட்டிப் பிள்ளையை நான் இனி மண்ணிலை இறக்கன்” என்றாள் மகள்.

தாயொருத்தியின் அச்சத்தில் நியாயமில்லையென்று கூறுதற்கில்லை. எனினும், ஏழாண்டு ஒரு வீட்டையே அறிந்த கிழநாயைச் சந்தையடியில் இறக்கிவிடுவது என்பதன் பொருளை மாஸ்ரர் நன்கறிவார். ஒரு மாதத் தவணை கேட்டார்.

கொளுக்கிப் புழு அவருக்குப் புதியதன்று. கெய்ரோவிற் பணியாற்றிய ஜேர்மன் விலங்கியலறிஞர் ஆதர் லூஸ், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தற்செயலாகத் தம் கையிற் சிந்திய குடம்பிகள் தோலைத் துளைத்து உட்புகுந்ததைக் கண்டறிந்த கதையை அவர் வகுப்பிலே பலமுறை கூறியவர். அதே லூஸ் 1911இல் விவரித்த இனமொன்று இலங்கையின் பெயரையே தாங்கி ‘அன்கைலொஸ்ரோமா சிலானிக்கம்’ என வழங்குகின்றது. நாய் பூனைகளில் வாழும் அவ்வினம் மனிதர் குடலிலும் வளர வல்லது. தேசத்தின் பெயர் விஞ்ஞானத்தில் நிலைபெறும் வழிகள் பலவகை!

மலத்தோடு வெளிவரும் முட்டைகள் ஈரமும் வெப்பமும் நிழலும் உள்ள இடத்தில் ஓரிரு நாட்களிற் பொரிக்கும். குடம்பிகள் தோலைத் துளைக்கும் பருவத்தை அடைய மேலும் 5 முதல் 10 நாட்கள் செல்லும். அதன்பின் வாய்ப்பான சூழலில் 3, 4 வாரங்கள் உயிர்வாழும். உலர்வும் நேர்வெயிலும் அவற்றுக்கு எமன். மாமரத்தடி மணல் அவற்றுக்கு எத்துணை உகந்த தொட்டில் என்பது இதனால் விளங்கும். மலத்தை அன்றன்றே அகற்றினால் முட்டைக்கு அவகாசமில்லை. ஆகவே நாள்தோறும் இலகுவாகத் துப்புரவாக்கக்கூடியதும் நீர் தேங்காததுமான தரையே வேண்டப்பட்டது.

புல் நாயின் ஓட்டத்துக்கு ஒரு பருவமும் நில்லாது. செம்மண் ஐப்பசியிற் சேறு, ஆனியிற் புழுதி. தும்பும் மரத்தூளும் ஈரத்தைப் பிடித்து வைப்பன. பிளாஸ்ரிக் புல்லோ நம் வெயிலிற் காய்ந்து காலைச் சுடும். சீமெந்துத் தரை கழுவ எளியது. ஆயின் முழுநாளும் அதிற் கிடக்கும் நாயின் முழங்கைகள் காய்த்துப்போகும். உருண்டைக் கூழாங்கல் நாயின் பாதத்துக்கு இதமானது. கல்லை உருட்டித் தரும் ஆறு குடாநாட்டில் இல்லை. எஞ்சியது சல்லிக்கல்.

நீர் வடிவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. செம்மண்ணின் கீழுள்ள சுண்ணக்கல் வெடிப்புகள் நிறைந்தது. மேலே விழுவதை விரைவிற் கிணற்று நீரோடு சேர்த்துவிடும். நாய்க்கு நன்மை செய்யும் அதே வடிகால் குடிநீருக்குத் தீமையாகலாம். ஆதலின் அடைப்பு கிணற்றடியிலிருந்து விலகி வளவின் மறுகோடிக்குச் சென்றது. நீளம் 20 அடி, அகலம் 12 அடி. அதில் 7 அடி நீளம் சீமெந்து, ஏனையது சல்லி. பூவரச நிழல் சீமெந்தின்மேல் விழுமாறும் சல்லிப் பகுதி வெயிலிற் காயுமாறும் இடம் பார்க்கப்பட்டது. நிழலை விரும்புவது நாய். அதனையே விரும்பும் புழுவுக்கு அது கிட்டலாகாது. ஏற்பாட்டின் நுட்பம் முழுவதும் இதிலேயே உள்ளது.

மேசனுடன் ஒரு சிறு வாதம் நிகழ்ந்தது. மட்டமான தரை இடுவதே தம் கைக்குப் பெருமையென்று வாழ்ந்தவர் அவர். ஓரடிக்குக் கால் அங்குலச் சரிவு வேண்டும், மேற்பரப்பை மினுக்காமல் தும்புத்தடியால் வரியிழுத்து விடவேண்டும் என்றபோது அவர் முகம் வாடிற்று. சரிவின் அடியிலிருந்து கழுவுநீர் வாழைப் பாத்திக்கு வாய்க்கால் வழியே சென்றது. சல்லிப் பகுதியில் 8 அங்குல ஆழத்துக்கு மண் அகற்றி, 5 அங்குலம் உடைத்த சுண்ணக்கல்லிட்டு இடித்து, மேலே 3 அங்குலம் கால் அங்குலச் சல்லி பரப்பினர். இடையே பொலித்தீன் விரிக்கலாமென்ற யோசனையை மாஸ்ரர் ஏற்கவில்லை. அது நீரைத் தேக்கிவிடும். ஓரங்களிற் பனங்குற்றிகள் பாதி புதைக்கப்பட்டன. நாய் தோண்டி வெளியேறாதிருக்க வேலியின் உட்புறமாகத் தட்டைக் கற்கள் பதிக்கப்பட்டன. வேலை முடிந்ததும் மாஸ்ரர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சல்லியின்மேல் நடந்து பார்த்தார். கூரிய கற்களைப் பொறுக்கி எறிய இரண்டு மாலைப்பொழுதுகள் சென்றன.

ஜிம்மி சல்லியை ஏற்கவில்லை. மூன்று நாட்கள் அதன் விளிம்பிலே நின்று முகர்ந்துவிட்டு, எல்லாக் கருமத்தையும் சீமெந்திலேயே முடித்தது. நான்காம் நாட்காலை அதன் மலத்திற் சிறிதை எடுத்துச் சல்லியின் நடுவே வைத்தார் மாஸ்ரர். மணத்தின் வழியே இடத்தை அறிவது நாயின் இயல்பு. மறுநாள் ஜிம்மி அங்கே சென்றது. புழு மருந்தும் முறைப்படி கொடுக்கப்பட்டது. மாமரத்தடியிற் பழைய மணல் அள்ளப்பட்டுப் புதுமணல் பரப்பப்பட்டது.

ஐப்பசி மழையில் ஒழுங்கை முழுவதும் சேறாயிற்று. சல்லியிலோ மழை ஓய்ந்த சிறிது நேரத்தில் நீர் வடிந்துவிட்டது. சீமெந்தின் ஒரு மூலையில் மட்டும் சாப்பாட்டுக் கோப்பையளவு நீர் நின்றது. மேசன் தம் மட்டத்தை அங்கே கைவிடவில்லை போலும்! கார்த்திகையில் மாஸ்ரர் கண் சத்திரசிகிச்சைக்காக இரண்டு வாரம் கொழும்பில் தங்கியபோது, காலைதோறும் சவளெடுத்துச் சல்லியைத் துப்புரவாக்கியவள் மகளே. தவணையைப் பற்றிய பேச்சு பின்னர் எழவில்லை. தை பிறந்ததும் மேசன் வந்து அந்த மூலையைக் கொத்திச் சரிவாக்கினார்.